பர்லியாறில் சாலை அடைத்தால்: மலை நிறுவனங்களுக்கான பேக்கப் வழிகாட்டி

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. ஒரு நவம்பர் காலை, இரவு இடித்த இடியில் சர்வர் எழவில்லை என்று தொலைபேசி வந்தது. நான் பதறவில்லை. அந்தச் சர்வருக்குப் பேக்கப் அமைத்துக் கொடுத்ததே நான்தான். தினமும் இரவு பதினோரு மணிக்கு ஓடி முடித்து, "வெற்றி" என்று பச்சை எழுத்தில் எனக்கு மின்னஞ்சலும் அனுப்பிக்கொண்டிருந்தது. நனைந்த குடையோடு போய் இறங்கி, நகல் இருந்த ஹார்டு டிஸ்க்கைத் திறந்தேன். ஃபோல்டர்கள் வரிசையாக இருந்தன. உள்ளே ஒன்றுமில்லை.

ஏழு மாதங்களுக்கு முன் மென்பொருள்காரர் ஒருவர் வந்து, இடம் போதவில்லை என்று இலைக் கணக்கை 'டி' டிரைவிலிருந்து 'இ' டிரைவுக்கு மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. பேக்கப் அன்றிலிருந்து ஒரு காலி ஃபோல்டரை நாள் தவறாமல் நகலெடுத்து, தன் வேலை முடிந்ததென்று எனக்குக் கடிதமும் போட்டுக்கொண்டிருந்தது. ஏழு மாதத்தில் ஒரு முறையாவது ஒரே ஒரு கோப்பை மீட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

எங்களைக் காப்பாற்றியது கார்பன் தாள். பசுந்தேயிலை கொண்டுவரும் விவசாயிகளுக்குக் கொடுக்கும் எடைச்சீட்டின் அடிப்பிரதிகள் அட்டைப்பெட்டியில் கிடந்தன. அடிப்பிரதி மங்கிப்போன இடங்களில், விவசாயிகளே தங்கள் சீட்டுகளைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஒருவர் பிஸ்கட் டின்னுக்குள் ரப்பர் பேண்டு போட்டு, மாதவாரியாகக் கட்டி வைத்திருந்தார். அந்தக் கட்டிடத்தில் அன்றைக்கு ஒழுங்கான பேக்கப் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். பதினொரு நாள் உட்கார்ந்து கணக்கைத் திரும்ப ஏற்றினோம்.

அதற்குப் பிறகு குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஊட்டியிலும் நான் பேக்கப் அமைத்த இடங்களில் எல்லாம் கடைப்பிடிக்கும் முறைதான் இது. பத்து முதல் அறுபது கணினிகள், ஒரே ஒரு தொழில்நுட்பப் பணியாளர் அல்லது அவரும் இல்லாத நிலை: தேயிலைத் தொழிற்சாலை, எஸ்டேட் அலுவலகம், தங்கும் விடுதி, பள்ளி, சிறு மருத்துவமனை ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: மூன்று நாள் கணக்கு

கோயம்புத்தூரில் ஒரு டிஸ்க் கெட்டால், காந்திபுரம் போய் மதியத்துக்குள் புதியது வாங்கி வந்துவிடலாம். குன்னூருக்கு அதே டிஸ்க் வர, நல்ல நாளிலேயே அரை நாள் ஆகும். மழை நாளில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் சாலை அடைபடும். வண்டிகள் கோத்தகிரி சாலைக்குத் திருப்பிவிடப்படும். அங்கும் மரம் விழுந்தால் மலை தனித்தீவு. 2009 நவம்பரில் நீலகிரியில் நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்த நிலச்சரிவுகளின்போது சாலையோடு ரயில் பாதையும் சேர்ந்து அறுந்தது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை என்றால், கூடலூர், பந்தலூருக்குத் தென்மேற்கு. யாருக்கும் தப்பித்தல் கிடையாது, மாதம்தான் வேறு.

ஆகவே திட்டத்தின் அடிப்படை இப்படி இருக்கட்டும்: மூன்று நாள் மேலே யாரும் வரமாட்டார்கள், கீழே யாரும் போக முடியாது, இணையம் இருக்காது, மின்சாரம் ஜெனரேட்டரில். அந்த மூன்று நாளில் சர்வர் செத்தால், உள்ளே இருப்பவர்கள் கையில் இருப்பதை வைத்து வேலையைத் தொடர முடியுமா? கீழே வரும் ஒவ்வொரு படியையும் இந்தக் கேள்வியில் உரசிப் பாருங்கள்.

படி 1: கணினிகளை எண்ணாதீர்கள், வேலைகளை எண்ணுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கட்டிடம் முழுக்க நடங்கள். ஒவ்வொரு மேசையிலும் இரண்டே கேள்விகள். "இது போய்விட்டால் எவ்வளவு நேரத்து வேலையைத் திரும்பச் செய்ய உங்களால் முடியும்?" இது இழப்பின் எல்லை. "இது இல்லாமல் எவ்வளவு நேரம் ஓட்டுவீர்கள்?" இது காத்திருப்பின் எல்லை. தகவல் தொழில்நுட்பப் புத்தகங்கள் இவற்றுக்கு ஆர்.பி.ஓ., ஆர்.டி.ஓ. என்று பெயர் வைத்திருக்கின்றன. பெயரைவிட எண்தான் முக்கியம், அதையும் வேலை செய்பவர் வாயிலிருந்தே வாங்க வேண்டும். மேலாளரைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் "உடனே" என்பார்.

ஒரு தொழிற்சாலையில் எனக்குக் கிடைத்த பதில்கள்: இலை எடை, அதிகபட்சம் ஒரு மணி நேரத்து இழப்பைத் தாங்கும், ஏனென்றால் அதற்கு மேல் விவசாயியிடம் போய்க் கேட்க முடியாது. டேலிக் கணக்கு, ஒரு நாள். ஏல விற்பனைக்கான விலைப்பட்டியல்கள், சாதாரண நாளில் ஒரு நாள், குன்னூர் ஏலம் நடக்கும் நாட்களில் இரண்டு மணி நேரம். கண்காணிப்புக் கேமராப் பதிவு, போனால் போகட்டும். இந்தக் கடைசிப் பதில் மிக முக்கியமானது. எதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்யாதவர்கள் கேமராப் பதிவையும் திருமண வீடியோவையும் சேர்த்து நகலெடுத்து, டிஸ்க் நிறைந்து, கணக்குக்கு இடமில்லாமல் நிற்கிறார்கள்.

நடக்கும்போது மறைவிடங்களையும் பாருங்கள். எடை மேடையின் பக்கத்தில் சணல் சாக்கு மூடிக் கிடக்கும் பழைய கணினியில்தான் இலை எடையின் மூலப்பதிவு இருக்கும். கணக்கர் தன் டெஸ்க்டாப் திரையில் "புதியது", "புதியது இறுதி", "இறுதி உண்மை" என்று மூன்று எக்செல் வைத்திருப்பார்; சம்பளப் பட்டியல் அதில்தான். ரவுட்டரின் அமைப்புகள், டேலி உரிம விவரம், டிஜிட்டல் கையொப்பம் இருக்கும் யு.எஸ்.பி. டோக்கன், விடுதி என்றால் அறைப் பூட்டு அட்டைகளுக்கான மென்பொருள்: இவற்றை யாரும் தரவு என்றே நினைப்பதில்லை. சர்வர் எரிந்த மறுநாள்தான் நினைவுக்கு வரும்.

படி 2: மின்சாரம், இடி, ஈரம்

பைக்காராவில் 1932இலேயே நீர்மின்சாரம் எடுக்கத் தொடங்கிய மலை இது. ஆனாலும் காற்றடித்தால் கம்பி மேல் மரம் விழத்தான் செய்யும்.

எல்லோரிடமும் யு.பி.எஸ். இருக்கிறது. ஆனால் அதன் பின்புறத்திலிருந்து சர்வருக்குப் போக வேண்டிய மெல்லிய யு.எஸ்.பி. வடம் பெரும்பாலான இடங்களில் பெட்டிக்குள்ளேயே, கட்டுக்கம்பிகூட அவிழ்க்காமல் கிடக்கும். அந்த வடம்தான் பேட்டரி தீரப்போகிறது என்று சர்வருக்குச் சொல்லி, அதை முறைப்படி மூடச் செய்வது. அது இல்லாவிட்டால், இருபது நிமிடம் கழித்துச் சர்வர் எழுதிக்கொண்டிருக்கும்போதே விழும். தரவுத்தளம் பாதி எழுதிய நிலையில் நிற்கும். பேட்டரி பாதியாகும்போது சர்வர் தானே மூடிக்கொள்ளும்படி அமையுங்கள். குளிரில் ஈய அமில பேட்டரியின் திறன் குறையும் என்பதால், ஊட்டி ஜனவரியில் பெட்டியில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கை நம்ப வேண்டாம். மின்சாரத்தை நிறுத்தி, கடிகாரம் பிடித்துப் பாருங்கள்.

இடி பெரும்பாலும் மின்கம்பி வழியாக மட்டும் வருவதில்லை. அலுவலகத்திலிருந்து எடை மேடைக்குத் திறந்தவெளியில் இழுத்த செம்பு நெட்வொர்க் கேபிள்தான் அதன் பிரியமான பாதை. கட்டிடத்துக்குக் கட்டிடம் ஃபைபர் போட்டுவிடுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. உலோகக் கம்பி சேர்க்காத வகையாகக் கேட்டு வாங்குங்கள். செலவு சில ஆயிரம்தான். குரங்குகள் கேபிளைப் பிடித்துத் தொங்குவதற்கு மட்டும் என்னிடம் வழியில்லை. குழாய்க்குள் விட்டு இழுப்பதோடு சரி.

ஈரத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. அலமாரியில் வைத்த தோல் செருப்பில் பூசணம் பூக்கும் ஊரில், ஹார்டு டிஸ்க்கை அதே அலமாரியில் வைப்போம். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், பொட்டலத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுதல்: இவ்வளவே. இன்னொன்று. குளிர்ந்த அறையிலிருந்து எடுத்த டிஸ்க்கை வெதுவெதுப்பான அறைக்குக் கொண்டுவந்த உடனே செருகாதீர்கள். மூக்குக் கண்ணாடியில் பனி படிவதுபோல் அதன் மீதும் படியும். மூடிய டப்பாவிலேயே இரண்டு மூன்று மணி நேரம் இருக்கட்டும்.

படி 3: ஒரு நகல் மேலே, ஒரு நகல் கீழே

3-2-1 என்ற விதியைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தரவு மூன்று பிரதிகளில் இருக்க வேண்டும். இரண்டு வகை ஊடகங்களில் இருக்க வேண்டும். ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும். பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரவலாக்கிய விதி இது. பல்லாயிரம் படங்களைப் பாதுகாக்க வேண்டியவருக்குத் தோன்றிய எளிய கணக்கு.

இரண்டு எச்சரிக்கைகள். சர்வருக்குள் இரண்டு டிஸ்க் ஒன்றுக்கொன்று கண்ணாடியாக ஓடும் ரெய்டு அமைப்பு, இந்தக் கணக்கில் ஒரே பிரதி. தவறுதலாக அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். அதேபோல், ஒரு ஃபோல்டரைக் கிளவுடோடு எப்போதும் ஒத்திசைத்து வைப்பதும் பேக்கப் ஆகாது. இங்கே கெட்டது அங்கேயும் சில நொடிகளில் கெடும்.

"வேறு இடம்" என்பதில்தான் மலைக்காரர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். ஒரு சாரார், அதே வளாகத்தில் நூறடி தள்ளி இருக்கும் மேலாளர் பங்களாவில் வைப்பார்கள். ஒரே சரிவு, ஒரே மண். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்தபோது, பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். இன்னொரு சாரார், புத்திசாலித்தனமாகக் கோயம்புத்தூர் அலுவலகத்துக்கும் கிளவுடுக்கும் மட்டும் அனுப்பிவிட்டு மேலே ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். சாலை அடைந்து இணையமும் அறுந்தால், தரவு பத்திரமாக இருக்கும், உங்களுக்குத்தான் கிடைக்காது.

எனவே நான் வைக்கும் ஒழுங்கு இது. முதல் நகல், சர்வர் அறையிலிருந்து வேறு கட்டிடத்தில் உள்ள ஒரு நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி), மணிக்கு ஒருமுறை. இரண்டாவது, மாறி மாறிச் செருகும் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில், வாரம் ஒன்று. செருகாத டிஸ்க் வேறொரு கட்டிடத்தில், டப்பாவுக்குள். மூன்றாவது, இந்தியாவுக்குள் இருக்கும் கிளவுட் தரவு மையம் ஒன்றில், தினமும் இரவு. முதல் இரண்டும் சாலை அடைத்த நாளுக்கு. மூன்றாவது, மலைச்சரிவே போன நாளுக்கு.

அலமாரியில் வைக்கும் டிஸ்க்குக்குச் சுழலும் பாகமில்லாத எஸ்.எஸ்.டி. வகை வேண்டாம். வேகமானதுதான், ஆனால் மின்சாரமே காணாமல் நெடுநாள் கிடந்தால் தரவு மங்கக்கூடும். சுழலும் பழைய வகையே போதும்.

படி 4: எடுக்கும் முறை

ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளக் கோப்பை அப்படியே நகலெடுத்தால், பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது எடுத்த புகைப்படம்போல் இருக்கும். எஸ்.க்யூ.எல். சர்வர் என்றாலும் மைஎஸ்க்யூஎல் என்றாலும், அவற்றின் சொந்தப் பேக்கப் கட்டளையை முதலில் ஓட்டி, அது தரும் கோப்பைத்தான் நகலெடுக்க வேண்டும். டேலியை எல்லோரும் மூடிய பிறகு எடுப்பது நல்லது. அதற்குள்ளேயே பேக்கப் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஒரு கணக்கர் எப்போதும் திறந்து வைத்துவிட்டுப் போவார் என்றால், அவரிடம் சொல்லிச் சொல்லி அலுக்காமல் இரவு பத்தரைக்கு அந்தக் கணினி தானே அணையும்படி அமைத்துவிடுங்கள்.

மென்பொருள் எது என்று எல்லோரும் முதலில் கேட்பார்கள். அது கடைசிக் கேள்வி. விண்டோஸ் சர்வர் ஒன்றிரண்டு மட்டும் என்றால் வீம் நிறுவனத்தின் இலவசப் பதிப்பு பத்து கணினிகள்வரை தாங்கும். லினக்ஸ் பழக்கம் இருந்தால் ரெஸ்டிக். எதுவானாலும் மூன்று குணம் இருக்க வேண்டும்: மாறியதை மட்டும் அனுப்புவது, அனுப்பும் முன் மறையாக்கம் செய்வது (கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது), பழைய பதிப்புகளை விட்டுவைப்பது.

மாறியதை மட்டும் அனுப்புவது ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. பதிவேற்ற வேகம் நொடிக்கு 10 மெகாபிட் என்றால், ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 4.5 ஜிபி போகும். உங்களிடம் 500 ஜிபி இருந்தால், முதல் முறை முழுவதும் ஏற 111 மணி நேரம், நாலரை நாளுக்கும் மேல். நடுவில் ஒருமுறை இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பது நீங்கள் தேர்ந்த மென்பொருளைப் பொறுத்தது. முதல் நகலை மட்டும் ஒரு டிஸ்க்கில் ஏற்றிக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய், அங்கிருக்கும் வேகமான இணைப்பிலிருந்து ஏற்றுங்கள். பையில் டிஸ்க்கோடு மலையிறங்கும் அரசு பஸ்ஸின் தரவு வேகத்தை நம் மலையில் எந்த இணைப்பும் எட்டாது. பிறகு தினமும் மாறுவது இரண்டு மூன்று ஜிபிதான். ஒரு மணி நேரத்தில் போய்விடும்.

திரும்பி வரும் கணக்கையும் இப்போதே போடுங்கள். பதிவிறக்கம் 100 மெகாபிட் என்றாலும் அந்த 500 ஜிபி திரும்ப 11 மணி நேரம். இலை காத்திருக்காது, பறித்த அன்றே வாட்டலுக்குப் போக வேண்டியது அது. மேலே ஒரு நகல் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எத்தனை நாள் வைத்திருப்பது? மணிவாரி நகல்கள் இரண்டு நாளுக்கு, நாள்வாரி ஒரு மாதத்துக்கு, மாதவாரி ஓராண்டுக்கு, மார்ச் 31 கணக்கு முடிவு நகல் எட்டு ஆண்டுக்கு. எட்டு என்பது கம்பெனிச் சட்டம் கணக்குப் புத்தகங்களுக்கு வைத்த காலம். ஜி.எஸ்.டி. ஆவணங்களுக்கு, ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள். மின்னணு வடிவில் கணக்கு வைத்திருக்கும் கம்பெனிகள், அதன் பேக்கப்பை இந்தியாவில் இருக்கும் சர்வரில் நாள்தோறும் எடுத்து வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. அதுவரை "அவ்வப்போது" என்றுதான் இருந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் பென் டிரைவில் எடுக்கும் நிறுவனம், தணிக்கையாளர் கேட்டால் பதில் சொல்ல முடியாது.

படி 5: பேக்கப்பையே தேடி வரும் திருடன்

இடியும் ஈரமும் கண் தெரியாதவை, அகப்பட்டதை அழிக்கும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டு மிரட்டும் ரேன்சம்வேர் அப்படியல்ல. அது முதலில் தேடுவதே உங்கள் நகலைத்தான். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை, விண்டோஸ் தானாக வைத்திருக்கும் நிழல் நகல்களை அழித்த பிறகே மிரட்டல் பலகையைக் காட்டியது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ஒன்று, இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைத்திருந்த க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளைப் பூட்டியது. பேக்கப்புக்கென்று வாங்கிய பெட்டியே முதல் பலி.

செய்ய வேண்டியவை. நாஸ் பெட்டியை ஒருபோதும் இணையத்துக்கு நேராகத் திறக்காதீர்கள். வீட்டிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் வி.பி.என். என்ற மறைவான தனி இணைப்பு வழியாக. நாஸின் நிர்வாகக் கணக்கு, அலுவலகக் கணினிகளில் நுழையப் பயன்படும் டொமைன் கணக்காக இருக்கக் கூடாது. பெயரும் கடவுச்சொல்லும் வேறு. பேக்கப் ஃபோல்டரை எந்தக் கணினியிலும் 'இசட்' டிரைவாக மாட்டி வைக்காதீர்கள். பயனர் கண்ணுக்குத் தெரிவது வைரஸ் கண்ணுக்கும் தெரியும். கிளவுடில் "பொருள் பூட்டு" என்ற வசதியைப் போட்டு, குறைந்தது முப்பது நாளுக்கு யாராலும் அழிக்க முடியாதபடி வையுங்கள். யாராலும் என்றால் உங்களாலும்தான். முதலில் எரிச்சலாக இருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட உறுதியானது, செருகாத டிஸ்க். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற வைரஸ் தாக்கியபோது, மெர்ஸ்க் என்ற கப்பல் நிறுவனத்தில் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் டொமைன் சர்வர்கள் உலகம் முழுவதும் அழிந்தன. ஒன்றுக்கொன்று ஒத்திசைந்து ஓடும் அவற்றில் எல்லாமே ஒரே நேரத்தில் போகும் என்று யாரும் எண்ணியிருக்கவில்லை. ஒன்று மட்டும் பிழைத்தது, கானா நாட்டில். அந்த நேரத்தில் அங்கே மின்வெட்டு. சர்வர் அணைந்து கிடந்தது. அதன் தரவை இணைப்பில் அனுப்ப முயன்றால் நாள்கணக்காகும் என்பதால், டிஸ்க்கைக் கையில் கொடுத்தனுப்பினார்கள். கானா ஊழியருக்கு பிரிட்டன் விசா இல்லை. நைஜீரியாவரை போய் இன்னொருவர் கையில் ஒப்படைத்தார், அவர் லண்டனுக்கு எடுத்துப் பறந்தார். நம் ஊர் மின்வெட்டைத் திட்டும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வரும்.

தாக்குதல் நடந்தால் மறைக்காதீர்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி, தெரிய வந்த ஆறு மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். கணினிகள் தாமே எழுதும் நடவடிக்கைப் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும்.

படி 6: மின்னஞ்சலும் கிளவுட் கோப்புகளும்

"எங்களுடையது எல்லாம் கிளவுடில்தான் இருக்கிறது" என்பவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. கிளவுட் நிறுவனத்தார் தங்கள் சர்வரைத்தான் காக்கிறார்கள், உங்கள் கைத்தவறிலிருந்து உங்களை அல்ல. நிறுவனக் கணக்கின் ஒன்டிரைவில் அழித்தது 93 நாளில் முற்றாகப் போகும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள். அதன் பின் நிர்வாகி 25 நாளுக்குள் மீட்கலாம். வேலையை விட்டுப் போனவரின் கூகுள் கணக்கை அழித்தால், திரும்பக் கொண்டுவர 20 நாள். போன மேலாளரின் அஞ்சல்களைத் தேடும் வேலை எப்போதும் நான்காவது மாதம்தான் வரும். இதற்கும் தனியாக ஒரு நகல் எடுங்கள்.

படி 7: சாவி

மறையாக்கம் செய்த நகலின் கடவுச்சொல் தொலைந்தால் நகலும் தொலைந்தது. யாராலும் உடைக்க முடியாது, அதற்காகத்தானே மறையாக்கம். அந்தக் கடவுச்சொல் அதே சர்வரில் ஒரு நோட்பேடு கோப்பில் இருந்ததை நான் கண்டிருக்கிறேன். காகிதத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள். இங்க் பேனா வேண்டாம், ஈரத்தில் கரையும். இரண்டு உறைகள், ஒன்று அலுவலக இரும்புப் பெட்டியில், மற்றது நிறுவனத்தின் பொறுப்பாளர் ஒருவர் வீட்டில். பெரிய எழுத்து எது, சிறிய எழுத்து எது, சுழியா 'ஓ' எழுத்தா என்பது சண்டை வராமல் தெரிய வேண்டும். எழுதியதை வேறொருவரைத் தட்டச்சு செய்து திறக்கச் சொல்லிப் பார்த்த பிறகே உறையை ஒட்டுங்கள்.

படி 8: ஒத்திகை

மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை நடத்தும் கிட்லாப் நிறுவனம் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளரின் தவறான கட்டளையால் தன் முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துக்கொண்டது. பேக்கப் முறைகள் பல இருந்தும், எடுத்துப் பார்த்தபோது ஒன்றும் உடனே கைகொடுக்கவில்லை. தினசரிப் பேக்கப், பதிப்புப் பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொன்ன மின்னஞ்சல்களை அஞ்சல் சர்வர் ஏற்காமல் திருப்பிவிட்டிருக்கிறது. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு யாரோ கையால் எடுத்த பிரதி ஒன்றுதான் மீட்டது. என் காலி ஃபோல்டர் நினைவுக்கு வருகிறதா? எனக்கு வந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே என்று கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

பச்சை மின்னஞ்சலைப் படிப்பதை நிறுத்திவிட்டு, அளவைப் பாருங்கள். நேற்று 2.1 ஜிபி, இன்று 2.2 என்றால் சரி. திடீரென 3 எம்பி என்றால் காலி ஃபோல்டர். திடீரென 300 ஜிபி என்றால் எல்லாக் கோப்புகளும் ஒரே இரவில் மாறியிருக்கின்றன, ரேன்சம்வேராக இருக்கலாம். இந்த ஒரு எண்ணை ஒரு நோட்டில் தினமும் கையால் எழுதச் சொல்லுங்கள். கையால் எழுதுபவர் எண்ணைப் பார்க்காமல் எழுத முடியாது.

மாதம் ஒருமுறை சிறு ஒத்திகை: ஏதோ ஒரு தேதியைச் சொல்லி, அந்த நாளின் ஒரு கோப்பை மீட்கச் சொல்லுங்கள். இலைக் கணக்கென்றால், ஒரு விவசாயியின் எடைச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தத் தேதி, அந்த எண், அந்த எடை மீட்ட தரவில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். "கோப்பு திறக்கிறது" என்பது போதாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெரிய ஒத்திகை: பழைய கணினி ஒன்றை எடுத்து, இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டு, மேலே இருக்கும் நகலிலிருந்து மட்டும் முழுவதையும் எழுப்ப வேண்டும். கடிகாரம் ஓடட்டும். இதைச் செய்பவர் பேக்கப்பை அமைத்தவராக இருக்கக் கூடாது. முதல் முறை நான் பேசாமல் கை கட்டி நின்றேன். கணக்கர் அக்காதான் செய்தார். பத்தாவது நிமிடமே நின்றுவிட்டார். "தம்பி, இந்த மென்பொருளின் நிறுவல் கோப்பு எங்கே?" என்று கேட்டார். இணையத்தில் இருக்கிறது என்றேன். பிடுங்கிய கேபிளைக் காட்டினார். அன்றிலிருந்து நிறுவல் கோப்புகள், உரிம எண்கள், பிரின்டர் டிரைவர்கள் எல்லாம் டிஸ்க்கோடு சேர்ந்து டப்பாவுக்குள் போகின்றன. இரண்டாவது ஒத்திகை நான்கு மணி நேரம் பிடித்தது. நான்காவது, ஒன்றே முக்கால்.

படி 9: மூன்று நாள் தாள்

கடைசியாக ஒரே ஒரு தாள், தமிழில், பெரிய எழுத்தில், பிளாஸ்டிக் உறையிட்டு எடை மேடைக்கு அருகில். சர்வர் செத்தால் முதலில் எதை அணைப்பது, டப்பா எங்கே, உறை எங்கே, எந்தக் கணினியில் எழுப்புவது, எந்த வரிசையில், யாருக்குத் தொலைபேசி. எண்களைத் தாளிலேயே எழுதுங்கள். கைபேசியில் சேமித்த எண்கள், பேட்டரி தீர்ந்த கைபேசியில் இருக்கும். எழுப்பி முடிக்கும்வரை எடைச்சீட்டைக் கார்பன் தாளில் கையால் எழுத, ஐம்பது சீட்டுப் புத்தகங்கள் தனியாக இருக்கட்டும்.

போன ஆண்டு மழையில் ஒரு நாள் நான் பர்லியாறில் பழக்கடை ஓரத்தில் வண்டி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மேலே சர்வர் போய்விட்டது. மதியம் மூன்று மணிக்கு அக்கா அழைத்தார். தாளில் ஐந்தாவது வரிவரை வந்துவிட்டதாகச் சொன்னார், சிக்னல் போனது. ஐந்தே காலுக்குத் திரும்ப அழைத்தார்.

"தம்பி, சீட்டு அச்சாகிவிட்டது. எடை சரி, எண் சரி, பெயர் சரி."

"அப்புறம் என்ன அக்கா?"

"தேதி மட்டும் 2009 என்று வருகிறது."

மதர்போர்டில் நாணயம்போல் இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருந்தது. பழைய கணினிதானே. தேதியை மாற்றும் இடத்தைச் சொன்னேன், மாற்றினார். அந்தச் சில்லறை பேட்டரி இரண்டு இப்போது டப்பாவுக்குள் இருக்கின்றன, சிலிக்கா ஜெல் பொட்டலத்துக்குப் பக்கத்தில்.